சுடலை அண்ணன் மேல் போட்ட மெமரி வழக்கு

ஜூலை 7, திங்கள். காற்று. கண்ணெல்லாம் மண்.

உலக மக்களின் மேலான கவனத்துக்கு: இன்று காலை அண்ணாச்சியின் சேலை மொத்தக் கடையில் புது சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கப்பட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கப்பட்டது. சாறு என் சட்டையில். அரசு விடுமுறை கிடையாது.

பாலிடெக்னிக்கிலிருந்து என்னைப் பயிற்சிக்கு இங்கே அனுப்பினார்கள். இதுவரை ஆற்றிய பணிகள்: டீ வாங்கியது, பில் போடும் பேச்சி அக்கா மவுசுக்கு அடியில் டேப் ஒட்டியது. இன்றுதான் நிஜ வேலை. பழைய சர்வரின் பில் டேபிள்களைப் புதியதில் இறக்க வேண்டும். கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற சுடலை அண்ணன் (இனி சு.அ.) எப்படிச் செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் ஒரே வரிக் கட்டளை அடித்தேன். எல்லாம் இறங்கிவிட்டது. முழுக்க என் மூளை என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. டீக்கடையிலும்.

ஜூலை 8, செவ்வாய். காற்று நிற்கவில்லை.

சிக்கல்.

இந்த டேபிள்களுக்கு ஒரு விசேஷம். ஹார்ட் டிஸ்கில் பில் பில்லாகக் கிடக்கும். மெமரியில் இன்னொரு பிரதி, அது காலம் காலமாக (பாட்டன் காலம் அல்ல, டேபிளில் மேலிருந்து கீழே ஓடும் வரிசை, இங்கிலீஷ் ‘காலம்’). ஊரெல்லாம் ஒரு பக்கம், நிறமெல்லாம் ஒரு பக்கம், விலையெல்லாம் ஒரு பக்கம். அரக்குச் சேலை எந்த ஊரில் அதிகம் போகிறது என்றால், தேவையான இரண்டு காலத்தை மட்டும் பார்த்தால் போதும். பழைய சர்வரில், கேட்ட வாய் மூடுமுன் பதில்.

புதியதில் இன்று கேட்டோம். அண்ணாச்சி வெற்றிலை மடித்து, மென்று, வெளியே போய்த் துப்பிவிட்டும் வந்தார். அப்புறம்தான் பதில் வந்தது.

"ஏலே, இவ்ளோ ரூவா குடுத்து ஆமையவா வாங்கிருக்கோம்?"

தீபாவளிச் சரக்குக்குத் தறிக்காரர்களிடம் நிறம் சொல்ல வேண்டிய வாரம் இது. சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். பில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் மெமரியில் அந்தப் பிரதி இருக்க வேண்டிய இடம் சுத்தமாகக் காலி.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 9, புதன். லேசாகச் சாரல்.

துப்பு:

சர்வர் மூடியைத் திங்கள் மத்தியானம் கழற்றியது சு.அ. "தூசி தட்டுதேன்" என்றார். புதுப் பெட்டியில் ஏது தூசி?

அவர் தம்பி புளியங்குடியில் கேம் சென்டர் திறந்திருக்கிறான். கேமுக்கு மெமரி வேண்டும்.

இன்று அவருடைய சாப்பாட்டுத் தூக்கு பெரியது. திறந்தே பார்த்துவிட்டேன். புளிசாதம். அடிவரை கரண்டி விட்டுப் பார்த்தேன். அடியிலும் புளிசாதம்.

மெமரி அளவு சரியாகக் காட்டுகிறது. அதுதான் எனக்கு இன்னும் இடிக்கிறது. அசலை உருவிவிட்டு மட்டமானதைச் செருகியிருப்பார். கில்லாடி.

மாலை அண்ணாச்சியிடம்:

"நான் சொன்னதா வெளிய தெரியக்கூடாது."

"சொல்லித் தொலைலே."

"மெமரில ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. மூடியத் தொட்டது சுடலையண்ணன் மட்டுந்தான்."

அண்ணாச்சி பேனா மூடியை மாட்டினார், கழற்றினார், மாட்டினார்.

ஜூலை 10, வியாழன்.

கடை திறந்ததும் விசாரணை.

"பெட்டிய எதுக்குவே திறந்தீரு?"

"தூசி தட்டத்தான் அண்ணாச்சி."

"தூசிய மட்டுந்தான் எடுத்தீரா?"

பேச்சி அக்கா கை கீபோர்டில் அப்படியே நின்றது. சு.அ.வுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"எம் பிள்ளைக்குப் பேரு வச்சதே நீங்கதான அண்ணாச்சி. என்னையவா கேக்கீங்க?"

"நாளைக்கி சர்வர் வித்த மதுரைக்காரன்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் கடைக்கு வர வேண்டாம்வே."

சு.அ. சாவியை மேசையில் வைத்தார். போகிற போக்கில் என்னிடம், "யுபிஎஸ் சத்தம் போட்டா பயந்துராத மக்கா, ஒரு தட்டுத் தட்டு" என்றார்.

இவ்வளவு நல்லவராக ஏன் பேச வேண்டும்? அதுவும் சந்தேகம்தான். சந்தேகம் என்றுதான் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி. வெயில்.

மதுரைக்காரர் போன் செய்தார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். பேச்சி அக்காவும் வந்து நின்றாள்.

"தம்பி, டேபிள் இறக்குனீங்கள்ல, அந்த வரிய வாசிங்க."

ராகம் போட்டு வாசித்தேன்.

"நில்லுங்க. கடைசில ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?"

"அது... வேகத்துக்கு சார்."

"வேகத்துக்கா? மெமரி ஏற்பாடு வேண்டாம், டேபிள மட்டும் கொண்டான்னு சொல்றது தம்பி அது. மெமரிலயும் பிரதி வைன்னு டேபிளுக்குச் சொன்னாத்தான மெமரிக்குப் போகும்? திரும்ப அந்த ஏற்பாட்டப் போடுங்க. மொத தடவ கேட்டா மெதுவாத்தான் வரும், அப்பத்தான் பிரதி ஏற ஆரம்பிக்கும். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவ கேளுங்க."

போட்டேன். கேட்டோம், ஊர்ந்தது. பொறுத்துக் கேட்டோம். அண்ணாச்சி வெற்றிலைக் காம்பைக் கிள்ளுமுன் வந்துவிட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம். அண்ணாச்சியே சு.அ.வுக்குப் போன் போட்டார். பத்து நிமிடத்தில் வந்தார், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"தப்பாப் பேசிட்டேன்வே."

சு.அ. உள்ளே வரவில்லை. செருப்போடு படியிலேயே நின்றார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீதான எழுதுன? எழுதும்போதே தெரியாதா அதுக்கு என்ன அர்த்தம்னு?"

படியைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். பொல்லாத மூளையெல்லாம் இல்லை. அந்த வரி என் வகுப்பு கோமதி எழுதியது. அவள் லேப்டாப்பில் மெமரி போதாது, அதனால் வேண்டாம் என்று போட்டிருக்கிறாள். பிராக்டிகலுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் கெஞ்சி வாங்கினேன். எதற்கு என்ன அர்த்தம் என்று கீழேயே விளக்கமும் அனுப்பியிருந்தாள்.

அதை இன்றைக்குத்தான் வாசித்தேன்.