ஸ்டெல்லாவின் காலடி ஸ்பீக்கர்

ஞாயிறு, படுக்கும் முன்.

பாடகர் குழுவை விட்டுவிடுவதாக என் மனைவி ஸ்டெல்லா போன வாரம் சொன்னாள். "என் சத்தம் எனக்கே கேக்கலைங்க. காது போயிடுச்சு. போதும்."

கேம்ப் பகுதியில் உள்ள எங்கள் சர்ச்சுக்கு டிஜிட்டல் சவுண்ட் மிக்ஸரைக் கொடுத்தவன் நான். வாராவாரம் அதன் முன் உட்காருகிறவனும் நானே. கேட்கவில்லையென்று அவள் கைகாட்டும்போதெல்லாம் அவள் மைக்கை ஏற்றினேன். சபைக்குத்தான் சத்தம் கூடியது.

இன்று ஆராதனைக்கு முன் நிதானமாகப் பார்த்தேன். பாடும்போது தன் குரல் தனக்குக் கேட்க அவள் காலடியில் வைத்திருக்கும் ஸ்பீக்கருக்குச் சத்தம் போகும் வழியே தனி. அதற்குரிய பட்டனை அழுத்தினால்தான் அவளுக்கு எது எவ்வளவு போகிறதென்று தெரியும். டிரம்ஸ் உச்சியில் இருந்தது. அவள் குரல் துளியும் இல்லை. பல வருடமாக இந்தப் பெட்டியை விற்கிறேன். ஓட்டிக் காட்ட ஆள் வைத்தேனே தவிர நான் கற்றுக்கொள்ளவில்லை.

டிரம்ஸை இறக்கி, அவள் குரலை ஏற்றினேன். முதல் பாட்டிலேயே அவள் முகம் நிமிர்ந்தது.

சிஞ்ச்வட் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கண் கலங்கச் சொன்னாள். "கர்த்தர் என் காதைத் தொட்டுட்டாருங்க."

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "உன் காதுல ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது."

"எப்பலேருந்து?"

"மிக்ஸர் வந்ததிலேருந்து."

விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு என் தோளில் ஓர் அடி. "அரே, நாலு மாசமா கெழவி ஆயிட்டேன்னு அழுதேனே, மனுஷா!"

இப்போது அடுத்த ஞாயிறுக்கான சேலையை மடித்துக்கொண்டே பாடுகிறாள். தூங்கவிடும் உத்தேசம் இல்லை. பாடட்டும்.