நான் நீக்கிய ஐந்து மாலைகள்

கோபித்துக்கொள்ளத் தெரியாத என் மல்லிகா அண்ணிக்கு,

விடைத்தாள் திருத்தித் திருத்தித் தோள்பட்டை விட்டுப்போகிறது. படுத்தால் தேவலை. ஆனால் இதை இன்றைக்கே உங்களிடம் சொல்லிவிட வேண்டும். நாம் பார்த்த அந்தச் சிவப்பு நட்சத்திரம் என்னவென்று தெரிந்துவிட்டது, அண்ணி. நான் சொன்னது தப்பு.

கண்ணுக்கே தெரியாமல் கிடந்த ஒன்று திடீரென்று பொங்கியபோது, கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறவள் என்ற மிதப்பில் ‘நோவா’ என்று நான்தான் பெயர் வைத்தேன். செத்துச் சுருங்கிய நட்சத்திரத்தின் மேல் நடக்கும் வெடிப்பு. ஒருமுறை பொங்கும், அடங்கும், அவ்வளவுதான் என்றேன். தினமும் பார்க்க எனக்கு நேரமில்லை. ஆம்பூர் டேனரியில் நாளெல்லாம் தோலின் ஷேடு சரிபார்த்துவிட்டு வந்த நீங்கள்தான், ஏழு மணிக்குப் பைனாகுலரோடு மாடி ஏறினீர்கள். ஒளியை எண்ணாகவும், நிறத்தைத் தோல் ஷேடின் பெயராகவும் நோட்டில் குறித்தீர்கள். வெளிர்பழுப்புக்கு டான், செம்பழுப்புக்குக் காக்னாக், அடர்சிவப்புக்குச் செர்ரி.

ஒரு சாயங்காலம் போன் செய்தீர்கள். “இன்னா ஜெயா, அடங்கிப்போச்சுன்னு பாத்தா மறுபடியும் ஏறுது. கலரும் செர்ரிக்குப் போய்டுச்சி.”

“செவப்ப ரொம்ப நேரம் பாத்தா கண்ணு ஏமாத்தும் அண்ணி. வெளிச்சம் ஜாஸ்தியா தெரியும்.”

“காலையிலேர்ந்து செவப்பத்தானே பாக்கறேன்? என் கண்ணு ஏமாத்துனா எப்பவோ வேலைய வுட்டு அனுப்பியிருப்பாங்க.”

சிரித்தேன். பிறகு, மலைமேல் இருக்கும் வானாய்வகத்துக்குப் உங்கள் எண்களைப் பட்டியலாக அனுப்பியபோது, மறுபடி ஏறியதாக நீங்கள் குறித்திருந்த ஐந்து நாள் எண்களையும் நீக்கினேன். நிறங்களை அனுப்பவே இல்லை. உங்களிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வயிற்று வலியென்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

போன வாரம் வானாய்வகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் போனில் பேசினார். “மேடம், இது நோவா மாதிரி இல்ல. சூடு கம்மியாயிட்டே வருது. நடுவுல எங்களுக்கு அஞ்சு நாள் மேகம். அப்போ ரெண்டாவது தடவ ஏறுச்சான்னு தெரியணும். உங்க லிஸ்ட்லயும் அந்த நாளுங்க காலியா இருக்கே?”

“இங்கயும் மேகம்தான் சார்” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

இரண்டு நாள் அந்தப் பொய்யோடு வகுப்புக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆம்பூர் வந்தேன். ஜோலார்பேட்டையில் ரயில்வே டூட்டி முடித்து அண்ணன் அப்போதுதான் வந்திருந்தார். நோட்டைக் கேட்டேன். எதற்கென்று கேட்கவில்லை. “எட்த்துனு போ. ஆனா திருப்பிக் குட்த்துடு ஜெயா. அவ கையெழுத்துன்னு இது ஒண்ணுதான் கீது” என்றார்.

பஸ்ஸிலேயே பிரித்தேன். அந்த ஐந்து மாலைகளும் இருந்தன. கடைசி நாளின் ஓரத்தில், ‘ஜெயா நம்பல. நான் பாத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நீக்கியதும் உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்களா?

மறுநாளே அவரைக் கூப்பிட்டேன். “மேகம் இல்ல சார். எங்க அண்ணி பாத்து நோட்டுல எழுதிவெச்சிருக்காங்க. அழிச்சது நான்.” எந்தெந்த நாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, “பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றார்.

இன்று மதியம் பதில் வந்தது. அது ஒரு நட்சத்திரமே இல்லையாம். இரண்டு. ஒன்றையொன்று சுற்றி, நெருங்கி நெருங்கி, கடைசியில் மோதிக் கலந்துவிட்டன. அப்படிக் கலந்தால்தான் அடங்கியது மறுபடி ஏறும், ஏறும்போதே சிவக்குமாம். உங்கள் எண்களும் அந்த ‘செர்ரி’யும்தான் சந்தேகத்தைத் தீர்த்ததாம். அறிக்கையில் யார் பெயர் போடுவது என்று கேட்டார். உங்கள் முழுப்பெயரையும் சொல்லி, ‘தோல் ஷேடு பார்ப்பவர்’ என்று எழுதச் சொன்னேன்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். அலுப்புதான் மிஞ்சுகிறது, அண்ணி.

அண்ணனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. உங்கள் ஞாபகமாகத்தான் நோட்டை எடுத்துப்போனேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிறு அவர் எதிரில் உட்கார்ந்து, நீங்கள் கண்டதை முதலிலும் நான் செய்ததை அடுத்ததாகவும் சொல்வேன். ஒன்றையும் விடமாட்டேன்.

உங்களை நம்பாமல் போன நாத்தனார்,
ஜெயா