உதாரண வாக்கியம்

ஃபார்கோ, வடக்கு டகோட்டா
14 ஜனவரி 1974

அன்புள்ள ஹால்வர்,

நலம்தானே? கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தங்கை வெர்னா வீட்டுக்கு நான் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. அதிலும் உன் புத்தகம் நன்றாக விற்கிறது என்ற செய்திதான். போகட்டும்.

இங்கே சர்ச்சின் கீழ்த்தளத்தில், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். பாடப்புத்தகம் உன்னுடையதுதான். ஒன்றுபோலத் தோன்றும் சொற்களை உன்னைப்போல் பிரித்துக்காட்ட ஆள் கிடையாது, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் புத்தகம் வந்த சமயம் அதைத் திறந்து பார்க்கும் நிலையில் நான் இல்லை. நேற்றுதான் ரோசெல்வா என்ற பெண் 'அலோன்', 'லோன்லி' பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அலோன். ஆள் இருந்தும் யாருமே இல்லாததுபோல் இருந்தால் லோன்லி. நல்ல விளக்கம். கீழே உதாரணம்: "வீடு நிறைய ஆட்கள், மேசை நிறைய கேக், ஆனாலும் நான் லோன்லி."

நம் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று, துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் இருக்க, சமையலறையில் நான் உன்னிடம் சொன்னது அது. வகுப்பே அதைத் திருப்பிச் சொல்லிப் பழகியது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முழுப் புத்தகத்தையும் வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் நான்தான். 'என்வி' என்றால் அடுத்தவளிடம் இருப்பது நமக்கு இல்லையே என்று வேகுவது. 'ஜெலஸி' என்றால் நம்முடையதை யாராவது பறித்துவிடுவார்களோ என்று பதறுவது. என்விக்கு உதாரணம், முன்பு இங்கே வந்து திரும்பியபோது நான் உன்னிடம் சொன்னது: "தங்கை பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை." என் தோளுக்குப் பின்னாலிருந்து வெர்னா வாசித்துவிட்டாள்.

"அக்கா, இது நான்தானே? எம் புள்ளைங்களப் பாத்தா உனக்கு இப்படியா இருக்கு?"

புத்தகத்தை மூடிவைத்தேன். இப்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறாள்.

வசந்தத்தில் இரண்டாம் பதிப்பு வருகிறதாமே. என் வாக்கியங்களை எடுத்துவிடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன்,
ஆர்லிஸ்

துலூத், மினசோட்டா
23 ஜனவரி 1974

என் அன்பு ஆர்லிஸுக்கு,

ஏரி கரையோடு உறைந்துவிட்டது. கார் பேட்டரி செத்துவிட்டது. சர்ச் பெண்கள் பரிதாபப்பட்டு டூனா மீன் கேசரோலாகவே சமைத்துக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். நீ வரும்வரைதான் இந்தத் தண்டனை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலின் சட்டம் உனக்குத் தெரியாததா? உதாரணத்தை இட்டுக்கட்டக் கூடாது. யாரோ ஒருவர் வாயிலிருந்து நிஜமாக வந்ததாக இருக்க வேண்டும். "இட்டுக்கட்டுன வாக்கியம் பிளாஸ்டிக் பழம்டா, பல்லு வெச்சா தெரிஞ்சிரும்" என்று பெடர்சன் எங்களைத் திட்டித் திட்டியே அகராதி வேலை பழக்கினார். உன் பெயர் எங்காவது இருக்கிறதா? இல்லை. பிறகு யாருக்குத் தெரியப்போகிறது? வெர்னா எப்போதும் எதையும் பெரிதுபடுத்துகிறவள்.

மினியாபொலிஸ் பத்திரிகை மதிப்புரையில் இரண்டு உதாரணங்களை எடுத்துப் போட்டுப் பாராட்டியிருந்தார்கள். இரண்டும் உன்னுடையவை. என் மனைவி சொன்னது என்று யாரிடமாவது பீற்றிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. இது நான் உனக்குச் செய்த மரியாதை, ஆர்லிஸ். கொஞ்சம் யோசித்துப் பார்.

என்றும் உன்,
ஹால்வர்

ஃபார்கோ
4 பிப்ரவரி 1974

ஹால்வர்,

மரியாதையா? நன்றாக இருக்கிறது உன் மரியாதை!

குழந்தை போன அன்று ஆஸ்பத்திரியில் நான் பேச ஆரம்பித்தபோது உன் கை சட்டைப் பைக்குப் போனது. கைக்குட்டை எடுக்கிறாய், இவனும் அழப்போகிறான் என்று நினைத்தேன். நீ எடுத்தது பென்சிலும் துண்டுச் சீட்டும். நான் பேசி முடிக்கும்வரை நீ நிமிரவே இல்லை. அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது.

'ஹியர்' என்றால் சத்தம் காதில் விழுவது, 'லிசன்' என்றால் மனம் கொடுத்துக் கேட்பது என்று அரைப்பக்கம் எழுதியிருக்கிறாய். படிக்கிறவர்கள் உன்னை எவ்வளவு மனம் கொடுத்துக் கேட்கிறவன் என்று நினைப்பார்கள்!

"இன்னும் என்னக்கா அவன்கிட்ட எதிர்பாக்குற? விட்டுத் தொலை" என்கிறாள் வெர்னா. விட முடியவில்லை. நம் பெண்ணின் முகத்தை என்னைத் தவிரப் பார்த்தவன் நீ ஒருவன்தான். அதற்காகவே இன்னொரு முறை கேட்கிறேன். என் வாக்கியங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். எழுதாவிட்டால் வரமாட்டேன்.

ஆர்லிஸ்

துலூத்
19 மார்ச் 1974

என் கண்ணே ஆர்லிஸ்,

எடுத்துவிட்டேன்! ஒன்றுகூட விடவில்லை. சமையலறையில் சொன்னது, வெர்னா குழந்தைகளைப் பற்றிச் சொன்னது, எல்லாம் போயாயிற்று. பதிப்பாளர் கத்தினார். "என் மனைவி வீட்டுக்கு வரணும்யா, புத்தகம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்" என்று நானும் கத்தினேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

காலியான இடங்களுக்கு அலுவலகப் பையன்கள் பஸ்ஸிலும் கடையிலும் காதில் விழுந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுமார்தான், பரவாயில்லை. 'ஹியர்', 'லிசன்' பக்கம் மட்டும் எனக்குத் திருப்தி தரவே இல்லை. பழைய உதாரணம் உப்புச்சப்பில்லாதது. கடைசியில் உன் கடிதத்திலிருந்தே கிடைத்தது: "கைக்குட்டை எடுக்கிறாய் என்று நினைத்தேன், நீ எடுத்தது பென்சில்." எவ்வளவு கச்சிதம் பார்! புத்தகத்திலேயே இதுதான் சிறந்தது. ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்துவிட்டேன், உனக்குச் சங்கடம் வேண்டாம் என்று. நேற்று அச்சுக்குப் போய்விட்டது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பஸ் நிலையத்தில் நிற்பேன். உன் அறைக்குப் புது வெள்ளை அடித்திருக்கிறேன்.

உன்னை எண்ணியே இருக்கும்,
ஹால்வர்

ஃபார்கோ
25 மார்ச் 1974

திரு. ஹால்வர் நீகார்ட் அவர்களுக்கு,

பஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம்.

அப்பாவின் பெயருக்கே திரும்பிவிட்டேன். இனி என் சார்பில் இங்குள்ள வக்கீல் ஒருவர் உங்களுக்கு எழுதுவார். வாக்கியங்கள் எல்லாம் அவருடையவையாகவே இருக்கும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் பேசியது ஒன்றும் இனி உங்களுக்குக் கிடைக்காது.

ஆர்லிஸ் ஹோவ்லண்ட்