அம்மா சொல்லாத ஒலி

அன்புள்ள அம்மா,

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன்.

நம் கோசா மொழியின் ஒலிகளை ஆராய உன் பேச்சைத்தானே பதிவுசெய்தேன்? வெளிநாட்டுத் தேர்வாளர் அதைக் கேட்டுவிட்டு, "கோசா மாதிரியான தென்னாப்பிரிக்க நுகுனி மொழிகள்ல, நாக்கைச் சொடுக்கி எழுப்புற ஒரு ஒலி உண்டு; அது இதில இல்லவே இல்லையே. அம்மாவுக்கு நாக்குல கோளாறா?" என்றார். 'பேச்சுக் குறை' என்று குறித்தும் கொண்டார். உன்னைக் குறையுள்ளவளாக விட்டுவர முடியுமா?

"அது அம்மாவோட மாமனார் பேருல வர்ற ஒலிங்க ஐயா. எங்க வழக்கப்படி கல்யாணமான நாள்லேருந்து அதைச் சொல்றதில்ல. அது வர்ற சொல்லுக்கெல்லாம் வேற சொல் வெச்சிருக்காங்க" என்றேன்.

பக்கத்திலிருந்த நம்மூர்ப் பேராசிரியை நொம்புலெலோ சிரித்தார். "அப்ப எனக்கும் முப்பது வருஷமா அதே கோளாறுதான்."

தேர்வாளர் தான் குறித்ததை அடித்துவிட்டு 'மரியாதை' என்று எழுதினார். பிறகு தாத்தாவின் பெயரைக் கேட்டார். நீ பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றியது. வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

உன் மகள்