மல்லாட்டையைப் பிடுங்கிட்டாங்க

அன்புள்ள பர்வீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உன் முதுகுவலி தேவலையா? திண்டிவனத்துல மழை உண்டா?

இங்க யுனிவர்சிட்டியில ஒரு சின்ன மாற்றம், பயந்துக்காதே. கொளுத்துற வெயில்லயும் ஒளிச்சேர்க்கை குறையாத மல்லாட்டை ரகம் தேடி, வருஷக்கணக்கா வளர்த்த வேர்க்கடலைச் செடியையெல்லாம் போன வாரம் பிடுங்கிட்டாங்க.

"பயிர் ஆராய்ச்சிக்கு இனிமே பணம் வராது, ஃபைசல். கால்பந்து மைதானத்துப் புல் கருகாம இருக்க வழி பாருங்க"ன்னார் துறைத்தலைவர்.

"காய் பிடிக்கிற நேரம் சார், ஒரு மாசம் விடுங்க"ன்னு கெஞ்சினேன். அவர் போனையே பார்த்துக்கினு இருந்தார். வேலை போனா விசாவும் போயிடும். "சரி சார்"னுட்டேன். டாக்டர் பட்டம் வாங்கி இப்ப புல்லு வளர்க்கிறேன்.

யாராவது வந்தா இட்லிப்பொடி குடுத்தனுப்பு. சும்மாவாவது போன் பண்ணிக்கினு இரு. நம்ம பொண்ணு அப்ஸானா என்னை மாதிரியே தாவரவியல் படிக்கணும்னாளே, வேற ஏதாவது படிக்கச் சொல்லு.

மைதானத்துக்குப் போற பஸ் வந்துடுச்சு.

உன் ஃபைசல்