வியாபாரியின் கதிரை

இன்று காலை எழுந்ததும் முதலில் அம்மாவுக்கு முட்டை அவித்தேன். நேரம் பார்க்க உன் மணிக்கூட்டைத்தான் முறுக்கினேன். கோழிக்குஞ்சு வடிவில், அலகு உடைந்துபோன அந்த மஞ்சள் சமையல் மணிக்கூடு. அது டிக் டிக்கென்று ஓடத் தொடங்கியதும் நாம் இரண்டு சிநேகிதிகளும் குடியிருந்த ரெக்ஸ்டேல் பேஸ்மென்ற் அறையின் ஈர வாசம் வந்து போனது. இந்த மணிக்கூட்டை ஓடவிட்டு அதற்கு முன்னால் நின்று "கனம் நீதிபதிகளே" என்று நீ பேசிப் பழகுவதும் கேட்டது.

பின்னேர வகுப்பில் நாம் சர்வதேசச் சட்டம் எடுத்திருந்தோம். பாஸானால் போதும் என்று படித்தவள் நான். உன்னை அந்தப் பழைய நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில், நாடுகளின் வழக்குகளைத் தீர்க்க ஹேக் நகரில் இருந்த மன்றம் அது. பகல் முழுவதும் பேக்கரியில் நின்றுவிட்டு வந்து, நகத்தில் மா ஒட்டியபடியே அதன் விதிகளை எனக்குச் சொல்லுவாய். அந்த மன்றத்தால் எந்த நாட்டையும் இழுத்துவர முடியாது. இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் வழக்கு. ஆனால் விரும்பிய நாடு, சண்டை எதுவும் வருமுன்பே, இனி வரும் வழக்குகளில் மன்றத்தின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன் என்று அறிவித்துவிடலாம். அந்த இடத்தில் நீ ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவாய்.

"வெல்லுறமோ தோக்கிறமோ தெரியாது. முதலே ஓம் எண்டு சொல்லுறது. அதுக்குப் பெரிய மனம் வேணுமடி."

வகுப்பில் பயிற்சிக்காக ஒரு மாதிரி வழக்கு நடந்தது. ஒரு வியாபாரியின் பண்டசாலையை வேறொரு நாடு பறித்துக்கொள்கிறது. வியாபாரியின் நாட்டுக்காக நீ வாதாட வேண்டும். அந்த மன்றத்தின் முறைப்படி முதலில் எழுத்தில் வாதம், அதன் பிறகு வாயால். எழுத்தில் உன்னை ஒருவரும் அசைக்கவில்லை. எழுந்து நின்றதும், "என் கட்சிக்காரரான இந்த வியாபாரி" என்று தொடங்கிவிட்டாய். பேராசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். உன் கட்சிக்காரர் நாடு, வழக்கை அது கையில் எடுத்தபின் வியாபாரிக்கு அங்கே இடமில்லை, நாடுகள் மட்டுமே அங்கே பேசலாம் என்றார். அகதி விசாரணையில் நம் கதையை நாமே சொல்லித் தப்பியவர்கள் நாம். நமக்காக ஒரு நாடு எழுந்து பேசும் என்பது உன் நாக்குக்கு வரவில்லை. அப்படியானால் வியாபாரி எங்கே இருப்பார் என்று நீ கேட்டாய். வகுப்பு சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கால் ஆடும் கதிரையை மேசையடிக்கு இழுத்துவைத்தாய். "இது யாவாரியின்ர கதிரை. ஒருத்தரும் இருக்கப்படாது." அடுத்த நாளே மறந்துபோய் அதில் உடுப்புக் கூடையை வைத்தேன். "பாவம், அந்தாளை எழுப்பிப்போட்டாய்" என்று கூடையைத் தூக்கி என் மடியில் வைத்தாய். பிறகு அது நமக்குள் ஒரு பேச்சாகிவிட்டது. அம்மாவும் அண்ணாவும் என் கலியாணத்தைப் போனிலேயே பேசி முடிக்கப் பார்த்தபோது, போனை வாங்கி, "யாவாரியைக் கேட்டனீங்களோ?" என்றாய். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் என்னைக் கேட்டார்கள்.

பல வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதைச் சொன்னாய். டொக்டர் உன் கால்மாட்டில் நின்று உன் கணவரோடும் என்னோடும் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு மருந்து தொடங்கிப் பார்க்கலாம், தாங்குமா என்பது தெரியாது என்றார். நாங்கள் இருவரும் தொடங்கச் சொன்னோம். நீ நித்திரை என்று நினைத்திருந்தோம்.

"யாவாரி இஞ்சதான் கிடக்கிறாள்" என்றாய், கண்ணைத் திறக்காமல்.

நான் கதிரையை இழுத்து உன் தலைமாட்டில் இருந்தேன். போதும், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்றாய். கூட்டிக்கொண்டு போனோம். உன் கணவர் அழுதுகொண்டே கார் ஓட்டினார். நீ கண்மூடுவதற்குச் சில நாள் முன்பு இந்த மணிக்கூட்டை என் கையில் வைத்தாய். "கொம்மாவின்ர முட்டையை நீ கல்லாக்கிப்போடுவாய், எனக்குத் தெரியும்."

இப்போது அம்மாவைப் பற்றித்தான் வழக்கு. குளியலறையில் விழுந்து எழும்பியதிலிருந்து அவரைத் தனியே விடப் பயம். ஸ்ரௌவ்வில்லில் தன் புது வீட்டில், படி ஏறத் தேவையில்லாத அறை இருக்கிறது என்கிறார் அண்ணா. இத்தனை வருடம் என்னோடு இருந்தவர், என்னோடுதான் இருக்க வேண்டும் என்கிறேன் நான். கிழமைக்கணக்காக நீள நீளமாக மெசேஜ் எழுதினோம். போன ஞாயிறு நேருக்கு நேர் இருந்து பேசினோம். நான் நன்றாகப் பேசினேன், நீ கேட்டிருந்தால் மெச்சியிருப்பாய். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "ஆற முதல் குடியுங்கோ" என்றார். திரும்பிக் குசினிக்குப் போய் பயித்தங்காய் முறித்தார்.

அவர் வாயிலிருந்து அன்று வந்தது அவ்வளவுதான். மணிக்கூடு ஓடும்போதுதான் அது எனக்கு உறைத்தது. அவர் விருப்பத்தைக் கேட்க எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை. பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கேட்டால் அங்கே போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது குசினியில் வெளிச்சம் இல்லாத வீட்டை என்னால் நினைக்கவே முடியவில்லை.

மணி அடித்தது. முட்டை பதமாக இருந்தது. மிளகு தூவிக் கொடுத்தேன். "என்ன பிள்ளை, காலமையே யோசினை?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வருகிற ஞாயிறு அண்ணா வரும்போது மேசையில் மூன்று கதிரை போடப்போகிறேன். தேத்தண்ணியை நான் ஊற்றுவேன். அம்மா இருந்து சொல்லட்டும். அண்ணாவோடு போகிறேன் என்று சொன்னாலும் நான் ஓம் என்பேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியாத இப்போதே, அந்த ஓமை உன்னிடம் சொல்லிவிட்டேன். அண்ணாவுக்கு இது தெரியாது. முட்டையை நல்ல பதம் என்று சொல்லித் தின்றுகொண்டிருக்கும் அம்மாவுக்கும் தெரியாது.