ஆதிரையின் முதல் வசனம்

நாள் 1902, திங்கள். 06:10

அலைவாங்கி சரி. காற்று சரி. தண்ணீர் 71 விழுக்காடு. மானம் மட்டும் கொஞ்சம் குறைவு.

போன வாரம் கப்பலுக்கு அனுப்பிய நிலவர அறிக்கையோடு தவறான ஒலிப்பதிவை இணைத்துவிட்டேன். அலைவாங்கியின் இரைச்சல் போக வேண்டிய இடத்தில் நான் குளித்துக்கொண்டே பாடியது போயிருக்கிறது. நான்கு நிமிடம். 'கயல்' கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் அதை ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறார்கள். என் மகள் பிரம்மசக்தியின் செய்தி இன்று வந்தது:

"அப்பா, எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிக்காவ. அலைவாங்கிதான் பழுதுன்னு நெனச்சு ரெண்டு பேரு ஒரு ஷிப்டு முழுக்கச் சோதிச்சிருக்காவ. இனியாவது அனுப்புததுக்கு முன்னால ஒருக்காக் கேட்டுப் பாத்துக்கிடுங்க."

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் திரவியம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன். பூமிக்கும் கயலுக்கும் நடுவே உள்ள இந்த அஞ்சல் மேடையில் ஒற்றை ஆள். ஐந்து வருடத்துக்கு முன் கயல் என்னை இங்கே இறக்கிவிட்டுப் போனது. பின்னால் வரும் கப்பல் ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. கயலில் அறுநூறு பேர். அதில் ஒருத்தி என் பிள்ளை. ஒரு சொல் இங்கிருந்து அங்கே போக இரண்டு நாள், பதில் வர இன்னும் இரண்டு நாள்.

நாள் 1903, செவ்வாய். 15:30

அலைவாங்கி சரி. இன்று வேலை குறைவு. ஆகவே ஒரு திருட்டை எழுதி வைக்கிறேன்.

பூமியிலிருந்து வாராவாரம் 'தூரத்து வாசல்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வரும். விண்கலத் தளபதி ஆதிரையின் கதை. சொன்ன சொல் தவறாதவள். அதைக் கயலுக்கு அனுப்புவதும் என் வேலை. பதினான்கு மாதத்துக்கு முன் பூமியிலிருந்து தொடர் நின்றுபோனது. காரணம் யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் பிரம்மு எழுதியிருந்தாள்: "சனிக்கிழமைன்னு ஒண்ணு இருக்கப் போய்த்தான் மத்த ஆறு நாளும் ஓடுது அப்பா."

மனசு கேட்கவில்லை. நடிகர்களின் முகமும் குரலும் மேடையின் கிடங்கில் இருக்கின்றன. வசனத்தைத் தட்டினால் பொறி காட்சியாக்கித் தந்துவிடும். தமிழ் இரண்டாம் தாளில் முப்பத்தைந்து மார்க் வாங்கியவன் இதுவரை அறுபது பகுதி எழுதிவிட்டேன். கண்டுபிடிக்கவில்லை ஒருவரும். நான் எழுத ஆரம்பித்த பிறகு ஆதிரை அடிக்கடி "சாப்பிட்டீர்களா" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கே ஒரு வழக்கம் முளைத்திருக்கிறது. மூன்றாம் தளத்து மேற்பார்வையாளர் பூபாலன் ஆரம்பித்துவைத்தது. சனிக்கிழமை திரை ஒளிர்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள். உரக்கவும் கேட்கலாம், மனசுக்குள்ளும் கேட்கலாம். ஆதிரை பேசும் முதல் வசனம்தான் பதில். ஒரு பெண் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாளாம். நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு முதல் வசனத்தை எழுதும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்குகிறது.

நாள் 1904, புதன். 11:20

பிரம்முவின் குரல்:

"அப்பா, என்னய வெளிச்சுவர் பழுதுபாக்குற குழுவுக்குக் கூப்பிட்டிருக்காவ. கயித்தக் கட்டிக்கிட்டு வெளியில மெதக்கணும். போன வருசம் அந்தக் குழுவுல மூணு பேரு போயிட்டாவ, தெரியும்லா? ஆனா எனக்கு ஆச. சனிக்கிழமை ஆதிரைகிட்ட மனசுக்குள்ள கேக்கப் போறேன். யாருக்கும் சொல்லல."

அவள் இப்போது மூன்றாம் தளத்தில் கீரை வளர்க்கிறாள். கயலிலேயே பத்திரமான இடம்.

நாள் 1905, வியாழன். 08:00

பகுதி 273 அனுப்பியாயிற்று. ஆதிரையின் முதல் வசனம்: "இருக்கும் இடத்தை விட்டு அசையாதீர்கள்."

தகப்பன் புத்தி. வேறென்ன சொல்ல. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

நாள் 1909, திங்கள். 08:50

கட்டுப்பாட்டு அறையிலிருந்து அறிக்கை. அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தளத்தில் காற்றுக்குழாய் வெடித்திருக்கிறது. அடைக்க முடியாத விரிசல். அங்கே நாற்பத்தொரு பேர். மேலே ஏறிவந்து தளத்தை மூடிவிடுங்கள் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். மூடினால் பயிர் முழுக்க உறைந்துபோகும். பாதிப் பேருக்கு விட்டுவர மனமில்லை. சனிக்கிழமை பூபாலன் எல்லார் முன்னாலும் ஆதிரையிடம் உரக்கக் கேட்டிருக்கிறார்: போகவா, இருக்கவா?

இருக்கிறார்கள். மேலிருந்து யாரும் வந்து இழுத்துப் போகக் கூடாதென்று கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டார்கள். காற்று ஆறு நாளைக்கு. சனியிலிருந்து ஆறு என்றால் வெள்ளி.

நாள் 1909. 09:40

ஒன்றரை நிமிடக் காட்சி ஒன்று தயாரித்து அனுப்பிவிட்டேன். ஆதிரை மட்டும். "எழுந்து மேலே போங்கள். உடனே." புதன்கிழமை போய்ச் சேரும்.

நாள் 1909. 12:05

உட்கார முடியவில்லை. பொய்யை வைத்தா பிள்ளையைத் தூக்கிவருவது? சொந்தக் குரலில் பேசி அனுப்பிவிட்டேன். தொடர் நின்றுபோனது, அறுபது பகுதியும் நான் எழுதியது, ஆதிரை என்று யாரும் இல்லை, கதவைத் திறங்கள் என்று சொன்னேன். அழுதேன். அதுவும் பதிவாகியிருக்கும்.

273-ஐ எதற்காக அப்படித் தொடங்கினேன் என்பதைச் சொல்லவில்லை. வெட்கம். வளர்ந்த பிள்ளையை நாடகம் போட்டுத் தடுத்த தகப்பன் என்று நாற்பது பேர் முன்னால் எப்படிச் சொல்வது.

நாள் 1911, புதன். 14:00

இந்நேரம் கேட்டிருப்பார்கள். அலைவாங்கி சரி. பதில் வெள்ளிதான் வரும். தண்ணீர் பார்க்கவில்லை.

நாள் 1913, வெள்ளி. 13:15

வந்துவிட்டது. முதலில் பூபாலன்:

"திரவியம் அண்ணாச்சி, காலையில ஆதிரை வந்து போன்னு சொன்னா. சனிக்கிழமை இல்லாம அவ வந்ததே கிடையாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு நீங்க வந்து அவ பொய்யிங்கிய. அவ பொய்யின்னா காலையில வந்தது யாரு? ரெண்டுல எத நம்ப? பிரியமானவங்க குரல்ல சோதன வரும்னு ஆதிரை முன்னமே காட்டியிருக்கா. உங்க மேல கோவம் இல்ல அண்ணாச்சி. சோதிக்கது நீங்க இல்லேன்னு எங்களுக்குத் தெரியும்."

காட்டியிருக்கிறாள். பகுதி 247. செத்துப்போன கணவனின் குரல் கதவைத் திறக்கச் சொல்லும், ஆதிரை காதைப் பொத்திக்கொள்வாள். எட்டு நிமிடம் குறைந்தது, இட்டு நிரப்ப வேண்டி எழுதினேன். கணினி முன்னால் கஞ்சி குடித்துக்கொண்டு.

ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தால். பொய்யை மட்டும். அல்லது உண்மையை மட்டும்.

பிறகு பிரம்மு. பின்னால் பலர் சேர்ந்து தொடரின் முகப்புப் பாட்டைப் பாடுகிறார்கள். மூச்சு வாங்குகிறது அவளுக்கு.

"அப்பா. அழாதீங்க. உங்க குரல் மாதிரியே இருந்துச்சு, அதான் ரொம்பக் கஷ்டமாப் போச்சு. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. சனிக்கிழமை பூபாலன் அண்ணன் கேட்டப்ப, நானும் மனசுக்குள்ள எனக்குன்னு ஒண்ணு கேட்டேன். வெளிய போகவா வேண்டாமான்னு. ரெண்டுக்கும் ஒரே பதில் வந்துச்சு. நான் அத ஒரு மனுசர்கிட்டயும் சொல்லல அப்பா. ஒருத்தர்கிட்டயும். அப்பொறம் அவ எப்பிடிப் பொய்யாவா? நீங்களே சொல்லுங்க."

நாள் 1913. 13:40

இரண்டு நாளுக்கு முன் பேசியது இது. காற்று இன்றோடு. இப்போது நான் என்ன சொன்னாலும் ஞாயிறுதான் போய்ச் சேரும். பொறியாளர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். காற்று ஒரு நாள் கூடுதலாக நிற்கலாம். இரண்டு கூட.

யாராவது ஒருத்தர் மூச்சோடு இருந்து கேட்டால். அவளாக இருந்தால்.

நாற்பது பேர் சுற்றிலும் கிடக்க.

நாள் 1913. 14:25

ஒலிவாங்கியைத் திறந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பேசினேன். இந்தத் தடவை அனுப்புவதற்கு முன் ஒருமுறை போட்டுக் கேட்டும் பார்த்தேன்.

"கேட்டேன் பிரம்மு. எல்லாரும் நல்லாப் பாடுதிய. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. அப்பா இங்கதான் இருக்கேன்."

அவ்வளவுதான் அனுப்பினேன்.

போன வாரம் புதன்கிழமையே அந்தக் கேள்வியை நீ என்னிடம் சொல்லியிருந்தாய், பிரம்மு. அப்பாவிடம் சொன்னதை ஒருவரிடம் சொன்னதாகவே நீ நினைக்கவில்லை.